எந்த டாட்நெட்டுன்னு முதல்ல கேளு!

ஜூன், ஜூலை வந்தா சொந்தக்காரப் பிள்ளைங்ககிட்டேருந்து ஒரே மாதிரி போன் வரும். காலேஜ் முடிச்சு, கம்பெனி ட்ரெயினிங்கும் முடிச்சு, ப்ராஜெக்ட் ஒதுக்கியிருப்பாங்க. "அக்கா, என்னை டாட்நெட்ல போட்டுட்டாங்க. அது செத்துப்போச்சாமே? ஜாவாவுக்கோ பைத்தானுக்கோ மாத்தித் தரச் சொல்லிக் கேக்கட்டுமா?" குரல்ல பாதி அழுகை இருக்கும். நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: "எந்த டாட்நெட்டு?" அந்தப் பக்கம் சத்தமே வராது.

பதில் வராதது அவங்க தப்பு இல்ல. 'டாட்நெட் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும்'னு ஒரு சீனியர் சொல்வார். அவர் சொல்றது சரி. 'எங்க டாட்நெட் அப்ளிகேஷன் லினக்ஸ்ல ஜம்முனு ஓடுது'ன்னு பக்கத்து டீம்காரர் சொல்வார். அவர் சொல்றதும் சரி. தாத்தா பேரையே பேரனுக்கும் வச்ச வீட்டுக்குக் கடுதாசி வந்தா, யாருக்குன்னு கேட்டுட்டுத்தானே பிரிப்பாங்க? இங்கே யாரும் கேக்குறதில்ல, நேரா பிரிச்சுடறாங்க. அதுதான் சிக்கலே.

இந்தப் பேர்க் குழப்பம் எப்படி வந்துச்சு

கொஞ்சம் பழைய கதை தெரிஞ்சுக்கோ, பின்னால உதவும். 2000 ஜூன்ல பில் கேட்ஸ் டாட்நெட்டை அறிவிச்சார். அந்த நேரத்துல மைக்ரோசாஃப்ட்டுக்கு அந்தப் பேர் மேல ஒரு மோகம். லாகின் சேவைக்கு டாட்நெட் பாஸ்போர்ட்னு பேர், கோட் எழுதுற மென்பொருளுக்கு விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட்னு பேர். சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக்கூட விண்டோஸ் டாட்நெட் சர்வர்னு வச்சுப் பார்த்துட்டு, கடைசியில விண்டோஸ் சர்வர் 2003-ன்னு மாத்தி வெளியிட்டாங்க. இத்தனைக்கும் நடுவுல உருப்படியான சரக்கு ஒண்ணு இருந்துச்சு. 2002 பிப்ரவரியில வந்த டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 1.0.

அதோட சேர்ந்து வந்த மொழி சி ஷார்ப். அதை வடிவமைச்சவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க். டர்போ பாஸ்கல், டெல்ஃபி ரெண்டுக்கும் பின்னால இருந்தவர், அப்புறம் டைப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தவரும் அவரேதான். சி ஷார்ப்பை 'ஜாவா காப்பி'ன்னு கேலி பண்ணுவாங்க. ஜாவாவைத் தன் இஷ்டத்துக்கு மாத்துச்சுன்னு சன் நிறுவனம் 1997-ல மைக்ரோசாஃப்ட் மேல வழக்குப் போட்டு, அது 2001-ல சமரசத்துல முடிஞ்சது. அந்தச் சூட்டோட வந்த மொழிங்கிறதால கேலி ஒட்டிக்கிச்சு. சாயல் இருக்கிறது உண்மைதான். ஆனா இருபது வருஷத்துக்கு மேல ரெண்டும் தனித்தனியா வளர்ந்தாச்சு. இன்னும் அதையே சொல்லிட்டிருக்கிறவர்கிட்ட வாதாடி நேரத்தை வீணாக்காதே.

உள்ளே நடக்குறது இவ்வளவுதான். நீ சி ஷார்ப்ல எழுதினாலும், விஷுவல் பேசிக்ல எழுதினாலும், எஃப் ஷார்ப்ல எழுதினாலும் கம்பைலர் அதை ஐஎல்ங்கிற ஒரு இடைநிலை மொழியா மாத்திடும். ஓடுற நேரத்துல சிஎல்ஆர்ங்கிற ரன்டைம் அதை வாங்கி, தேவைப்படுற பகுதியை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரோட மெஷின் கோடா மாத்தி ஓட்டும். அதைத்தான் ஜிட்னு சொல்றாங்க. மெமரியைச் சுத்தம் பண்றதும் ரன்டைம் வேலை. ஆக, டாட்நெட் ஒரு மொழி இல்ல. மொழிகள், ரன்டைம், லைப்ரரிகள், கருவிகள் எல்லாம் சேர்ந்த மேடை. 'எனக்கு டாட்நெட் எழுதத் தெரியும்'னு இன்டர்வியூல சொல்லாதே. எழுதுறது சி ஷார்ப்தான்.

ஃப்ரேம்வொர்க் விண்டோஸோட பிணைஞ்சு கிடந்துச்சு. வெளியில இருந்து மிகேல் டி இகாஸா 2001-லயே மோனோன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு, இதை லினக்ஸுக்குக் கொண்டு வந்தார். யூனிட்டியில கேம் எழுதுற பசங்க சி ஷார்ப் எழுதுறதுக்குக் காரணம் அந்த மோனோதான். மைக்ரோசாஃப்ட்டே மனசு மாறினது 2014 நவம்பர்ல. டாட்நெட் கோர்னு புதுசா ஒண்ணைத் திறந்த மூலமா அறிவிச்சு, 2016 ஜூன்ல 1.0 வெளியிட்டாங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், காசு கிடையாது. 2019 வரைக்கும் பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல வளர்ந்துச்சு. அந்த ஏப்ரல்ல ஃப்ரேம்வொர்க் 4.8 வந்தது. 2020 நவம்பர்ல புதுசோட பேர்லேருந்து 'கோர்'ங்கிறதை எடுத்துட்டு வெறும் டாட்நெட் 5-ன்னு வெளியிட்டாங்க. 3.1-க்கு அப்புறம் 4 வரணும்தானே? ஃப்ரேம்வொர்க் 4-ஓட குழம்பிடுமேன்னு தாண்டிட்டாங்க. ஆனா ஏஎஸ்பி டாட்நெட் கோர், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் ரெண்டுலயும் 'கோர்' அப்படியே நிக்குது. இந்தப் பேரெல்லாம் வச்சவருக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் கொடுத்திருக்கவே கூடாது.

முதல் நாள் பார்க்க வேண்டிய ஃபைல்

கோட் கைக்கு வந்ததும் யாரையும் கேக்காம நீயே கண்டுபிடிக்கலாம். ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல சிஎஸ்ப்ராஜ்னு முடியுற ஃபைல் இருக்கும். நோட்பேட்ல திற. 'டார்கெட் ஃப்ரேம்வொர்க்'னு தொடங்குற வரியைத் தேடு.

அங்கே 'டார்கெட் ஃப்ரேம்வொர்க் வெர்ஷன்'னு நீளமா எழுதி, வி 4.7.2 மாதிரி ஒரு எண் இருந்தா அது பழைய ஃப்ரேம்வொர்க். ஃபைலே நூத்துக்கணக்கான வரி ஓடும், ப்ராஜெக்ட்ல இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் பேர் பேரா பட்டியல் போட்டிருக்கும். புதுசுல ஃபைல் குட்டியா இருக்கும், முதல் வரியிலயே எஸ்டிகேங்கிற வார்த்தை வரும். வெறும் 'டார்கெட் ஃப்ரேம்வொர்க்'னு போட்டு நெட்8.0, நெட்10.0-ன்னு இருந்தா நீ புது வீட்டுல இருக்கே. நெட்கோர்ஆப்3.1-ன்னு இருந்தா அதுவும் புதுசோட வழிதான், ஆனா சப்போர்ட் 2022 டிசம்பர்லயே முடிஞ்சுபோச்சு. அதை லீட் காதுல போடு.

இங்கே ஒரு பொடி விஷயம் பெரிய ஆளுங்களையே ஏமாத்தும். நெட்48-ன்னு புள்ளி இல்லாம இருந்தா அது ஃப்ரேம்வொர்க் 4.8. நெட்8.0-ன்னு புள்ளியோட இருந்தா புது டாட்நெட் 8. புள்ளி இருக்கா இல்லையாங்கிறதுதான் தாத்தாவா பேரனாங்கிறதைச் சொல்லும். டாட்நெட் 10-க்கு எழுதும்போது சோம்பல்பட்டு புள்ளியை விட்டுடாதே. புள்ளி இல்லாத அந்த 10, பழைய வழக்குப்படி ஃப்ரேம்வொர்க் 1.0-ஐத்தான் குறிக்கும்.

நெட்ஸ்டாண்டர்ட்2.0-ன்னு இருந்தா பயப்படாதே. டாட்நெட் ஸ்டாண்டர்ட்ங்கிறது ஓடுற பொருளே இல்ல, இன்னின்ன வசதி இருக்கும்னு சொல்ற ஒப்பந்தம். ஒரே லைப்ரரியைப் பழசும் புதுசும் பயன்படுத்தணும்னா அதுல எழுதுவாங்க. 2.0 வரைக்கும் ரெண்டு பக்கமும் செல்லும், 2.1-ஐப் பழைய ஃப்ரேம்வொர்க் ஏத்துக்காது. அவ்வளவு தெரிஞ்சா போதும்.

உன் லேப்டாப்ல என்னென்ன இருக்குன்னு பார்க்க, டெர்மினலைத் திறந்து டாட்நெட்னு அடிச்சு, இடைவெளி விட்டு, ரெண்டு சின்னக் கோடு போட்டு இன்ஃபோன்னு அடி. எஸ்டிகே பட்டியல் தனியா, ரன்டைம் பட்டியல் தனியா வரும். எழுதிக் கம்பைல் பண்ண எஸ்டிகே வேணும், வெறுமனே ஓட்ட ரன்டைம் போதும். புது டாட்நெட்ல 6, 8, 10 எல்லாம் ஒரே மெஷின்ல பக்கத்துல பக்கத்துல சண்டை போடாம இருக்கும். பழைய ஃப்ரேம்வொர்க் 4-ஓட பிள்ளைங்க அப்படி இல்ல. 4.8 போட்டா அது 4.7-ஓட இடத்துலயே உக்காந்துக்கும். இந்தக் கட்டளை அந்தப் பழசைக் காட்டவும் காட்டாது. 'லிஸ்ட்ல இல்லையே, அப்புறம் எப்படி ஓடுது'ன்னு மண்டையைப் பிச்சுக்காதே.

ஆபீஸ் லேப்டாப்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி

விஷுவல் ஸ்டுடியோ வேற, விஷுவல் ஸ்டுடியோ கோட் வேற. முதலாவது விண்டோஸ்ல மட்டும் ஓடுற பெரிய கருவி, மேக் பதிப்பை 2024 ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க. ரெண்டாவது எல்லா இடத்துலயும் ஓடுற இலகுவான எடிட்டர். பழைய ஃப்ரேம்வொர்க் ப்ராஜெக்ட்னா பெரியது இல்லாம பொழைக்க முடியாது. புதுசுன்னா எடிட்டரும் டெர்மினலும் இருந்தாலே ஓட்டிடலாம்.

முக்கியமான ஒண்ணு, தங்கச்சி. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு இலவசம்தான்னு நினைச்சு ஆபீஸ் மெஷின்ல நீயே இறக்கிடாதே. தனியாள் கத்துக்க, சின்ன கம்பெனி வேலை பார்க்க, திறந்த மூலத் திட்டங்களுக்கு அது இலவசம். 250 கம்ப்யூட்டருக்கு மேல வச்சிருக்கிற பெரிய நிறுவனம் தன்னோட சொந்த மென்பொருள் எழுத அதைப் பயன்படுத்த லைசென்ஸ் இடம் கொடுக்காது. எடிட்டர்ல சேர்த்துக்கிற சி ஷார்ப் டெவ் கிட்டுக்கும் அதே கணக்குதான். ஆடிட்ல மாட்டினா, சேர்ந்த புதுசுல உன் பேர் அடிபடும். ஐடி டீம்கிட்ட டிக்கெட் போட்டு வாங்கு. வீட்டு லேப்டாப்ல தாராளமா போட்டுக்கோ.

பழசுதான் கிடைச்சிருக்குன்னா

நம்ம ஊர் சர்வீஸ் கம்பெனிகள்ல மெயின்டனன்ஸ் வேலை நிறைய. அமெரிக்காக்காரன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 2008-ல எழுதின அப்ளிகேஷன் இன்னும் ஓடிட்டிருக்கும், அதுல உன்னைக் கொண்டு போய் விடுவாங்க. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, ஃப்ரேம்வொர்க் 4.8 சாகலை. அது விண்டோஸோட ஒரு பகுதி. விண்டோஸுக்குச் சப்போர்ட் இருக்கிற வரைக்கும் அதுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 3.5 எஸ்பி 1-க்குக்கூட 2029 ஜனவரி வரைக்கும் தவணை இருக்கு. புது வசதி மட்டும்தான் வராது. ஆனா 4.5.2, 4.6, 4.6.1 மூணுக்கும் 2022 ஏப்ரல்ல சப்போர்ட் முடிஞ்சது. 4.6.2-க்கு 2027 ஜனவரி கெடு. உன் ப்ராஜெக்ட் அந்த வரிசையில இருந்தா 4.8-க்கு ஏத்துறது பெரும்பாலும் அவ்வளவு கஷ்டமில்லாத வேலை. 'நான் பண்ணட்டுமா'ன்னு நீயே முன்வந்து கேளு.

அந்த ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே ரெண்டு தலைமுறை இருக்கும். ஃபைல் பேர் ஏஎஸ்பிஎக்ஸ்னு முடிஞ்சா வெப் ஃபார்ம்ஸ். கன்ட்ரோலர், வியூன்னு ஃபோல்டர் பிரிச்சிருந்தா எம்விசி. நாளைக்குப் புது டாட்நெட்டுக்கு மாத்தணும்னு பேச்சு வந்தா இந்த வித்தியாசம் உயிர் நாடி. எம்விசின்னா கஷ்டப்பட்டாவது கொண்டு போயிடலாம். வெப் ஃபார்ம்ஸ் புது டாட்நெட்ல கிடையவே கிடையாது, திரையைப் புதுசாத்தான் எழுதணும். திரைக்குப் பின்னால கணக்குப் போடுற கிளாஸ் லைப்ரரிகளை முதல்ல ஸ்டாண்டர்ட் 2.0-க்கு நகர்த்திட்டா பாதி பாரம் குறையும். டபிள்யூசிஎஃப் சர்வீஸ், ரிமோட்டிங், பைனரி ஃபார்மேட்டர் மாதிரி சங்கதி எங்கெங்கே இருக்குன்னு ஒரு பட்டியல் எடுத்து வச்சுக்கோ. பைனரி ஃபார்மேட்டரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக டாட்நெட் 9-ல நீக்கியே விட்டாங்க. யாரும் கேக்காமலே இந்தப் பட்டியலைப் போட்டு வச்ச ஃப்ரெஷரை எந்த மேனேஜரும் மறக்க மாட்டார்.

என் கருத்தைக் கேட்டா, பழசுல ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் இருக்கிறது நல்லது. ஓடுற சிஸ்டத்தை உடைக்காம மாத்துற நிதானம் அங்கேதான் வரும். அதுக்கு மேல வெப் ஃபார்ம்ஸ் மட்டுமே பார்த்துட்டு உக்காந்திருந்தா சந்தையில உன் விலை இறங்கும். வீட்ல சாயங்காலம் புதுசுல ஏதாவது எழுதிக்கிட்டே இரு.

கூகுள்லயும் ஏஐகிட்டயும் கேக்கும்போது

டாட்நெட் ஆளுங்களோட பாதி நேரம் இங்கேதான் போகுது. நெட்ல கிடைக்கிற பதில்ல முதல்ல தேதியைப் பாரு. 2016-க்கு முன்னாடின்னா அது பழைய ஃப்ரேம்வொர்க்குக்கான பதில்தான்னு வச்சுக்கோ. கோட்ல 'ஹெச்டிடிபி கான்டெக்ஸ்ட்' பக்கத்துல 'கரன்ட்'னு வந்தா, 'சிஸ்டம் வெப்'னு வந்தா, செட்டிங்ஸை வெப் கான்ஃபிக்லேருந்து எடுக்கச் சொன்னா, புது ப்ராஜெக்ட்ல ஒட்டாதே, ஓடாது. புதுசுல செட்டிங்ஸ் ஆப்செட்டிங்ஸ் ஜேசன் ஃபைல்ல இருக்கும், தேவையான பொருளை டிபென்டன்சி இன்ஜெக்ஷன் வழியா வாங்கிக்குவே.

ஏஐ கருவிகள் ரெண்டையும் கலந்து சாம்பார் வைக்கும். கேள்வியோட முதல் வரியிலயே 'டாட்நெட் 8, ஏஎஸ்பி டாட்நெட் கோர்'னு சொல்லிடு. பழசுன்னா 'ஃப்ரேம்வொர்க் 4.8, சி ஷார்ப் 7.3'-ன்னு சொல்லு. மொழிக்குத் தனி எண் ஓடுது, கவனி. டாட்நெட் 8-க்கு சி ஷார்ப் 12, 9-க்கு 13, 10-க்கு 14. ஃப்ரேம்வொர்க் 7.3-லயே நின்னுடுச்சு. ஏஐ அழகா எழுதிக் கொடுத்த ரெக்கார்ட் டைப் பழைய ப்ராஜெக்ட்ல ஏன் சிவப்புக் கோடு போடுதுங்கிறதுக்குப் பதில் இதுதான்.

அசிங்க் விஷயத்துலயும் இதே கதை. அவெயிட் போடாம ரிசல்ட்டை நேரா பிடுங்கினா பழைய ஏஎஸ்பி டாட்நெட்ல பேஜ் அப்படியே உறைஞ்சுபோகும். ஏஎஸ்பி டாட்நெட் கோர்ல அந்த வகை உறைதல் வராது, ஆனா லோடு ஏறும்போது த்ரெட் தீர்ந்துபோய்த் திணறும். ரெண்டு இடத்துலயும் அவெயிட் போட்டுடு, தொல்லை விட்டது.

லினக்ஸ்ல ஏத்தும்போது

உன் விண்டோஸ் லேப்டாப்ல ஓடினது லினக்ஸ் கன்டெய்னர்ல ஏன் விழுதுன்னா முதல் சந்தேகம் ஃபைல் பேர் மேல இருக்கட்டும். லினக்ஸ்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. பாத்ல சாய்கோட்டைக் கையால எழுதாதே, பாத் கம்பைன் இருக்கு. அடுத்தது நேரம். விண்டோஸ் நம்ம நேரத்தை 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்'னு சொல்லும், லினக்ஸ் 'ஏஷியா/கொல்கத்தா'ன்னு சொல்லும். டாட்நெட் 6-லேருந்து ரெண்டு பேரையும் அதுவே மாத்திப் புரிஞ்சுக்குது. அதுக்கு முன்னாடி பதிப்புன்னா ராத்திரி ஓடுற ஜாப் விழுந்துட்டு உன்னை எழுப்பும்.

'டாட்நெட் பெரிய ட்ராஃபிக் தாங்காது'ன்னு யாராவது சொன்னா ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைக் காட்டு. 2008-ல ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் தொடங்கினது. உலகம் முழுக்க கோட் எழுதுறவங்க மொய்ச்ச அந்தத் தளத்தை டாட்நெட்ல எழுதி, விரல் விட்டு எண்ணக்கூடிய வெப் சர்வர்கள்ல வருஷக்கணக்கா ஓட்டினாங்க. பைத்தான்ல எழுதினவன் சந்தேகத்தையும் அங்கேதான் கேட்டான்.

ரெஸ்யூம்ல என்ன போடணும்

'டாட்நெட்'னு ஒத்தை வார்த்தை போடாதே. 'சி ஷார்ப், ஏஎஸ்பி டாட்நெட் கோர், டாட்நெட் 8'-ன்னு எழுது. பழசுல வேலை பார்த்திருந்தா அதையும் மறைக்காம 'ஃப்ரேம்வொர்க் 4.8, எம்விசி 5'-ன்னு போடு. மைக்ரேஷன் வேலைக்கு ஆள் தேடுறவங்களுக்கு ரெண்டும் தெரிஞ்ச ஆளு வேணும். கோர்ஸ்ல சேரப் போறேன்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி சிலபஸைக் கேளு. முதல் மாசம் முழுக்க வெப் ஃபார்ம்ஸ்னு இருந்தா வாசல்லேருந்தே திரும்பி வா. மைக்ரோசாஃப்ட் லேர்ன்ல இலவசமா இருக்கிறதே தொடக்கத்துக்குப் போதும்.

இன்னொண்ணு, காலண்டர்ல குறிச்சுக்கோ. புது டாட்நெட் வருஷா வருஷம் நவம்பர்ல வரும். இரட்டைப்படை எண்ணுக்கு மூணு வருஷம் சப்போர்ட். ஒற்றைப்படைக்கு முன்னாடி 18 மாசம் இருந்துச்சு, 9-லேருந்து 24 மாசமா நீட்டியிருக்காங்க. அதனால டாட்நெட் 8, டாட்நெட் 9 ரெண்டுக்கும் ஒரே நாள்ல, 2026 நவம்பர் 10-ல சப்போர்ட் முடியுது. 2025 நவம்பர்ல வந்த 10-க்கு 2028 வரைக்கும் இருக்கு. உன் சிஎஸ்ப்ராஜ்ல எந்த எண் இருக்குன்னு பார்த்துட்டு, 10-க்கு எப்போ மாறப்போறோம்னு திங்கட்கிழமை மீட்டிங்ல லீட்கிட்ட கேளு. 'யோசிக்கலாம்'னு சொன்னார்னா, அந்த டிக்கெட்டை உன் பேர்ல போட்டுத் தரச் சொல்லு.